வீட்டுக் கணினிக்கு எந்த லினக்ஸ்? தேர்வு முதல் நிறுவல் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு கேட்கிறது, இன்டெல் பிராசஸர்களில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்கு முந்திய எல்லாமே வாசலிலேயே நிறுத்தப்படுகின்றன. அப்படித் தள்ளப்பட்ட கணினிகளில் பல இன்னும் சில வருஷம் நன்றாக உழைக்கக்கூடியவை. அதனால்தான் லினக்ஸ் என்ற மாற்று இயங்குதளத்தின் பக்கம் எட்டிப் பார்க்காதவர்களும் இப்போது "எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) நல்லது?" என்று கேட்கிறார்கள்.

இதற்குக் கிடைக்கும் பதில்களில் பெரும்பாலானவை பதில் சொல்பவரின் கணினிக்கும் பழக்கத்துக்கும் பொருந்துபவை. ஆகவே பெயரிலிருந்து தொடங்காதீர்கள். என்ன வேலை, என்ன கணினி, கோளாறு வந்தால் யார் பார்ப்பது என்ற மூன்றையும் முதலில் முடிவு செய்துகொண்டால், நூற்றுக்கணக்கான பெயர்கள் மூன்று நான்காகச் சுருங்கிவிடும்.

டிஸ்ட்ரோக்கள் உண்மையில் எதில் வேறுபடுகின்றன?

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்டது கர்னல், அதாவது வன்பொருளோடு பேசும் உட்கரு, மட்டும்தான். அதோடு கருவிகள், டெஸ்க்டாப், இன்ஸ்டாலர், மென்பொருள் களஞ்சியம் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டித் தருவதுதான் டிஸ்ட்ரோ. 1993-இல் தொடங்கிய டெபியன் இன்றும் நடக்கிறது. அதிலிருந்து 2004-இல் உபுண்டு வந்தது. உபுண்டுவிலிருந்து 2006-இல் லினக்ஸ் மின்ட் வந்தது. ஃபெடோரா, ரெட்ஹாட்டின் ஆதரவில் நடப்பது. ஆர்ச் 2002-இல் தொடங்கிய தனிக் குடும்பம். ஓப்பன்சூசே இன்னொன்று. நீங்கள் கேள்விப்படும் மற்ற பெயர்களில் முக்கால்வாசி இந்தக் குடும்பங்களின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோதான்.

ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரெஆஃபிஸ், விஎல்சி எல்லாம் எதில் போட்டாலும் அதே மென்பொருள்கள். மாறுவது இவைதான்: எவ்வளவு வேகமாகப் புதிய பதிப்புகள் வரும், எத்தனை வருஷம் ஆதரவு உண்டு, வைஃபை டிரைவரும் வீடியோ கோடெக்கும் (வீடியோவைத் திறந்து ஓட்டும் நிரல்) கேட்காமலே வருமா அல்லது நீங்கள் தேட வேண்டுமா, பின்னால் யார் இருக்கிறார்கள். திரையில் பார்க்கும் முகம் டெஸ்க்டாப்பைப் பொறுத்தது. அதைப் பெரும்பாலும் தனியாகவே தேர்ந்தெடுக்கலாம்.

முதல் படி: வேலைப் பட்டியல்

ஒரு தாளை எடுத்து, இந்தக் கணினியில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் என்ன செய்கிறார்கள் என்று எழுதுங்கள். நீங்கள் செய்வதை மட்டும் எழுதினால் போதாது. பிரவுசருக்குள் நடக்கும் வேலைகளை அடித்துவிடுங்கள். மின்னஞ்சல், வாட்ஸ்அப் வெப், வீடியோ, வங்கித் தளம், இணைய வகுப்பு எதுவும் பிரச்சினை இல்லை. மிச்சமிருப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் லினக்ஸில் நேரடியாக ஓடாது. லிப்ரெஆஃபிஸ் வேர்ட் கோப்புகளைத் திறக்கும். எளிய கடிதம் அப்படியே வரும், ஆனால் அட்டவணைகளும் பெட்டிகளும் நிறைந்த படிவம் அங்கங்கே நகர்ந்து உட்காரும். மேக்ரோ எழுதிய எக்செல் கோப்பை நம்பி வேலை செய்பவர் யாராவது இருந்தால், அவருடைய நிஜக் கோப்பை விண்டோஸிலேயே லிப்ரெஆஃபிஸ் போட்டுத் திறந்து பாருங்கள். மாறுவதற்கு முன்பே தெரிந்துவிடும். ஃபோட்டோஷாப், ஆட்டோகேட் இரண்டும் கிடையாது. கிம்ப், கிரிட்டா, இங்க்ஸ்கேப் நல்ல மென்பொருள்கள்தான். ஆனால் ஃபோட்டோஷாப்பில் சம்பாதிக்கும் ஒருவரிடம் "கிம்ப் இருக்கிறதே" என்று சொல்வது உதவி ஆகாது. அவருக்கு விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸ் போடுவதுதான் சரி.

விளையாட்டுகள் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையில் அதை நடத்தும் வால்வ் 2018-இல் கொண்டுவந்த புரோட்டான் வழியாக விண்டோஸுக்கு எழுதிய ஏராளமான விளையாட்டுகள் இப்போது லினக்ஸிலும் ஓடுகின்றன. கர்னல் மட்டத்தில் ஏமாற்றுத் தடுப்பு வைத்திருக்கும் வேலரன்ட் போன்றவை ஓடாது. எந்த டிஸ்ட்ரோ போட்டாலும் ஓடாது. அதற்காக டிஸ்ட்ரோ மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

தமிழ்த் தட்டச்சு எல்லாப் பெரிய டிஸ்ட்ரோக்களிலும் உண்டு. ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் தொகுப்பையும் சேர்த்தால் தமிழ்99, ஃபொனெடிக், டைப்ரைட்டர், இன்ஸ்கிரிப்ட் என எல்லா அமைப்பும் கிடைக்கும். யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் அடித்த பழைய ஆவணங்கள் இருந்தால் அந்த எழுத்துருக் கோப்புகளையும் மறக்காமல் எடுத்து வையுங்கள், லினக்ஸில் நிறுவிக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: கணினியை அறிதல்

விண்டோஸிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பிராசஸர், ரேம், ஹார்டுடிஸ்க்கா எஸ்எஸ்டியா, கிராஃபிக்ஸ் யாருடையது. வைஃபை சில்லின் பெயர் டிவைஸ் மேனேஜரில் இருக்கும்.

ரேம் 8 ஜிபி இருந்தால் எதை வேண்டுமானாலும் போடலாம். 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான டெஸ்க்டாப் நல்லது. 2 ஜிபியில் எல்எக்ஸ்க்யூடி வரும் லுபுண்டுவோ, டெபியன் வழிவந்த எம்எக்ஸ் லினக்ஸோ ஆன்டிஎக்ஸோ போடலாம். ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: இயங்குதளம் இலகுவானாலும் இன்றைய வலைத்தளங்கள் இலகுவாகவில்லை. பிரவுசரில் பத்து டேப் திறந்தால் எந்த டிஸ்ட்ரோவாக இருந்தாலும் 2 ஜிபி திணறும். பழைய கணினிக்கு உயிர் கொடுக்க வேண்டுமானால் ஹார்டுடிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றுவது, டிஸ்ட்ரோ தேடி அலைவதைவிடப் பல மடங்கு பலன் தரும்.

32 பிட் பிராசஸர் என்றால் கதவுகள் வேகமாக மூடிக்கொண்டிருக்கின்றன. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் இன்டெல் கணினிகளுக்கான இன்ஸ்டாலரே இல்லை.

கிராஃபிக்ஸ் இன்டெலோ ஏஎம்டியோ என்றால் டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது. நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். என்விடியா என்றால் டிரைவரை ஒரு கிளிக்கில் போட்டுத்தரும் டிஸ்ட்ரோ வேண்டும்: உபுண்டுவும் மின்ட்டும் இதில் வசதி. வைஃபையில் தொல்லை தருவதில் பிராட்காம் சில்லுகளுக்குப் பழைய பெயர் உண்டு. அது இருந்தால் நிறுவும்போது லேன் கேபிளோ, போனிலிருந்து யுஎஸ்பி டெதரிங்கோ தயாராக இருக்கட்டும்.

அண்மையில் சந்தைக்கு வந்த புதுக் கணினி என்றால் கணக்கு தலைகீழ். பழைய கர்னலுக்கு அந்தச் சில்லுகளைத் தெரியாது. அப்போது ஃபெடோரா போல வேகமாகப் புதுப்பிக்கப்படுவதுதான் பொருத்தம். உபுண்டு, மின்ட் போட்டாலும் அவற்றின் ஆகப் புதிய துணைப் பதிப்பையே எடுங்கள். புதிய கர்னல் அதில்தான் இருக்கும்.

மூன்றாம் படி: எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றம் பொறுப்பீர்கள்?

என்னைக் கேட்டால் தேர்வின் உயிர்நாடி இதுதான். அழகான வால்பேப்பரைப் பார்த்து மயங்கி இதைக் கவனிக்காமல் விடுபவர்கள்தான் ஒரு வருஷத்தில் வெறுத்துப்போகிறார்கள்.

முதல் வகை, நீண்ட கால ஆதரவு. உபுண்டு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் எல்டிஎஸ் பதிப்பு வெளியிடுகிறது. ஐந்து வருஷம் பாதுகாப்பு அப்டேட் வரும். 24.04-ஐ அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு. டெபியனும் ஒவ்வொரு பதிப்புக்கும் நீண்ட கால ஆதரவையும் சேர்த்து ஐந்து வருஷம் தருகிறது. இந்த வகையில் மென்பொருள்கள் சற்றுப் பழையவையாக இருக்கும். பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வந்துகொண்டே இருக்கும். நேற்று இருந்த இடத்தில் பட்டன் இன்றும் இருக்கும். வீட்டில் நான்கு பேர் புழங்கும் கணினிக்கு இதைவிடப் பெரிய வரம் இல்லை.

இரண்டாம் வகை, ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு. ஃபெடோராவின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறக்குறைய 13 மாதம் ஆதரவு. ஆக, வருஷத்துக்கு ஒருமுறையாவது மேம்படுத்தியே ஆக வேண்டும். உபுண்டுவின் இடைக்காலப் பதிப்புகளுக்கு ஒன்பதே மாதம். வீட்டுக் கணினிக்கு அவற்றை எடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. டவுன்லோடு பக்கத்தில் எல்டிஎஸ் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்தே எடுங்கள்.

மூன்றாம் வகை, ரோலிங். பதிப்பு எண்ணே கிடையாது. புதியது வரவர இறங்கிக்கொண்டே இருக்கும். ஆர்ச், ஓப்பன்சூசே டம்பிள்வீட் இந்த வகை. ஆர்ச்சில் அப்டேட் செய்வதற்கு முன் அதன் செய்திப் பக்கத்தைப் படிப்பது பயனரின் கடமையாகவே கருதப்படுகிறது. டம்பிள்வீட் தானியங்கிச் சோதனைகளைக் கடந்த பிறகே வெளிவருகிறது. ஏதாவது உடைந்தாலும் பூட் மெனுவிலிருந்தே முந்தைய ஸ்னாப்ஷாட்டுக்கு (முன்பே சேமித்த நிலைக்கு) திரும்பலாம். ரோலிங் ஆசை இருந்து நேரம் இல்லாதவர்களுக்கு அதுதான் நடுவழி.

நான்காம் படி: டெஸ்க்டாப்

விண்டோஸ் பழக்கம் உள்ளவர்களுக்குச் சின்னமன், கேடிஇ பிளாஸ்மா, மின்ட்டில் வரும் எக்ஸ்எஃப்சிஇ மூன்றும் அந்நியமாகத் தெரியாது. கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். கேடிஇயில் மாற்ற முடியாதது எதுவும் இல்லை. அதுவே சிலருக்குத் தலைவலி. ஃபெடோரா வொர்க்ஸ்டேஷனும் உபுண்டுவும் தரும் க்னோம் வேறு போக்கு: பணிகளுக்கு இடையே தாவும் முறையே வேறு. லேப்டாப்பில் டச்பேட் சைகைகளோடு பழகினால் அருமையாக இருக்கும். மேசைக் கணினியில் மவுஸோடு வாழும் பெரியவர்களுக்கு முதல் வாரம் எரிச்சலாக இருக்கலாம்.

ஐந்தாம் படி: பட்டியலைச் சுருக்குதல்

நேராகச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸுக்குப் புதியவர், கணினி நான்கைந்து வருஷம் பழையது, வேலை நடந்தால் போதும் என்றால் லினக்ஸ் மின்ட் சின்னமன் பதிப்பு. ரேம் குறைவென்றால் அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. கோடெக் வேண்டுமா என்று நிறுவும்போதே கேட்கும். அப்டேட் மேனேஜர் புரியும்படி இருக்கும். தவறு நடந்தால் பின்னோக்கிப் போக டைம்ஷிஃப்ட் உள்ளேயே இருக்கிறது.

உபுண்டு எல்டிஎஸ் எப்போது? நிறுவன மென்பொருளோ நிரலாக்கக் கருவியோ "உபுண்டுவில் சோதிக்கப்பட்டது" என்று சொல்லும்போது. உபுண்டு ஃபயர்ஃபாக்ஸ் உள்ளிட்ட சிலவற்றை ஸ்னாப் என்ற தன் பொதி வடிவில் தருகிறது. பழைய ஹார்டுடிஸ்க்கில் முதன்முறை திறக்கும்போது இழுக்கும். மின்ட்டில் ஸ்னாப் இயல்பாக அணைக்கப்பட்டு, ஃபிளாட்பேக் என்ற இன்னொரு பொதி வடிவம் இருக்கும்.

புதுக் கணினி, புதிய தொழில்நுட்பத்தில் ஆர்வம் என்றால் ஃபெடோரா. காப்புரிமைச் சிக்கலால் சில வீடியோ கோடெக்குகளை அது தராது. ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற தனிக் களஞ்சியத்தைச் சேர்க்க வேண்டும். ஒருமுறை செய்துவிட்டால் போதும், ஆனால் செய்தாக வேண்டும். டெபியனில் 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பு முதல் வைஃபை ஃபர்ம்வேர் (சில்லை இயக்கும் நிரல்) அதிகாரபூர்வ இன்ஸ்டாலரிலேயே வருகிறது. முன்பு புதியவர்களை விரட்டிய பெரிய தடை அது. லினக்ஸ் எப்படி இயங்குகிறது என்பதைக் கையால் கட்டிக் கற்க விரும்பினால் ஆர்ச். வீட்டில் இருப்பது அந்த ஒரு கணினிதான் என்றால் வேண்டாம்.

டிஸ்ட்ரோவாட்ச் தளத்தின் தரவரிசையைக் காட்டி யாராவது வாதாடினால் ஒன்று நினைவிருக்கட்டும்: அது எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதை எண்ணுவதில்லை; அந்தத் தளத்தில் ஒவ்வொரு டிஸ்ட்ரோவின் பக்கமும் எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதை எண்ணுகிறது.

பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ஆர்ச்சை எளிதாக்கித் தந்த ஆன்டர்கோஸை நடத்தியவர்கள் நேரமில்லை என்று 2019 மே மாதம் மூடிவிட்டார்கள். சின்ன அணி என்பதால் அப்படி என்று நினைத்தால், இன்டெலின் கிளியர் லினக்ஸ் 2025 ஜூலையில் நிறுத்தப்பட்டது. ஆக, பெரிய நிறுவனப் பெயர் மட்டும் உத்தரவாதமில்லை. பத்து வருஷத்துக்கு மேல் தொடர்ந்து வெளிவந்திருக்கிறதா, கடைசிப் பதிப்பு எப்போது வந்தது, கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறார்களா என்று பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த, கூப்பிட்டால் வரக்கூடிய ஒருவர் ஏற்கெனவே ஒரு டிஸ்ட்ரோ வைத்திருந்தால், மேலே சொன்னதையெல்லாம் தள்ளிவிட்டு அவர் வைத்திருப்பதையே போடுவதும் முழுக்க நியாயமான முடிவு.

ஆறாம் படி: டவுன்லோடும் சரிபார்ப்பும்

டிஸ்ட்ரோ முழுதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே எடுங்கள். எடுத்தபின் ஷா256 மதிப்பை (கோப்பின் கைரேகை போன்ற எண்ணை) ஒப்பிடச் சொல்வார்கள், பெரும்பாலானோர் தாண்டிவிடுவார்கள். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சின்னமன் பதிப்பின் டவுன்லோடு இணைப்பைப் பின்கதவு வைத்த போலிக் கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். தளத்தையே பிடித்தவர் அதிலுள்ள ஷா மதிப்பையும் மாற்ற முடியும் என்பதால், மின்ட் தரும் ஜிபிஜி என்ற டிஜிட்டல் கையொப்பத்தையும் சரிபார்ப்பதுதான் முழுப் பாதுகாப்பு. ஷா ஒப்பீடு மட்டும் செய்தாலும் பாதியில் பழுதாகி இறங்கிய கோப்பை அடையாளம் காணலாம். இன்ஸ்டால் நடுவழியில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

8 ஜிபி பென்டிரைவ் போதும். ரூஃபஸ் அல்லது பலீனா எட்சர் கொண்டு எழுதுங்கள்; அதிலுள்ள எல்லாம் அழியும். இரண்டு மூன்று டிஸ்ட்ரோக்களை ஒப்பிட நினைத்தால் வென்டாய் வசதி: ஐஎஸ்ஓ கோப்புகளை அப்படியே பென்டிரைவில் போட்டு வைத்தால், பூட் ஆகும்போது எது வேண்டும் என்று கேட்கும்.

ஏழாம் படி: லைவ் சோதனை

இந்தப் படியை அவசரப்படுத்தாதீர்கள். கணினியை அணைத்து, பென்டிரைவைச் செருகி, ஆன் செய்ததும் பூட் மெனு விசையைத் தட்டுங்கள். தயாரிப்பாளரைப் பொறுத்து எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று மாறும். உள்ளே நுழைந்ததும் இன்ஸ்டால் செய்யாமல் முயன்று பார்க்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். ஹார்டுடிஸ்க்கில் எதுவும் மாறாது.

பிறகு ஒவ்வொன்றாக: வைஃபை இணைகிறதா, ஒரு வீடியோவில் சத்தம் வருகிறதா, மைக்கும் கேமராவும் வீடியோ அழைப்பில் வேலை செய்கின்றனவா, திரை வெளிச்ச விசைகள், புளூடூத், ஹெச்டிஎம்ஐ வழியாக டிவி. பிரிண்டரில் ஒரு பக்கம் அச்சிடுங்கள்; ஏர்பிரிண்ட் ஆதரவு உள்ள பிரிண்டர்கள் பெரும்பாலும் டிரைவர் கேட்காமலே வந்துவிடும். லேப்டாப் என்றால் மூடியை மூடி, ஐந்து நிமிஷம் கழித்துத் திறங்கள். தூக்கத்திலிருந்து எழாத லேப்டாப்தான் பின்னால் அதிகம் படுத்தும். கைரேகை சென்சார் பல மாடல்களில் வேலை செய்யாது. அது இல்லாமல் வாழ முடியுமா என்று இப்போதே முடிவெடுங்கள்.

பென்டிரைவிலிருந்து ஓடுவதால் வேகம் குறைவாகத்தான் இருக்கும். அதை வைத்து மதிப்பிடாதீர்கள். ஏதாவது ஒன்று இயங்காவிட்டால் புதிய கர்னல் உள்ள இன்னொரு டிஸ்ட்ரோவை அதே மாதிரி சோதியுங்கள். டிஸ்ட்ரோ மாற்றுவதற்கு உண்மையான காரணம் இருக்கும் இடம் இதுதான்.

எட்டாம் படி: நிறுவுதல்

முதலில் பேக்கப். வெளி ஹார்டுடிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து, அதை வேறு கணினியில் திறந்தும் பாருங்கள்.

விண்டோஸை வைத்துக்கொண்டு பக்கத்தில் போடுவதானால் மூன்று முன்வேலைகள். ஒன்று, டிஸ்க்கைப் பூட்டி மறைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்று பார்த்து, மீட்புச் சாவியைக் கணினிக்கு வெளியே எழுதி வையுங்கள். பல புதிய லேப்டாப்களில் கேட்காமலே அது ஆன் ஆகியிருக்கும். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) கைவைத்ததும் சாவி கேட்கும். இரண்டு, விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணையுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் முழுதாக அணையாமல் பார்ட்டிஷனைப் பூட்டிய நிலையில் விட்டுப்போகும். மூன்று, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சி டிரைவைச் சுருக்கி இடம் ஒதுக்குங்கள். மின்ட்டுக்குக் குறைந்தபட்சம் 20 ஜிபி. நிம்மதியாக இருக்க 100 ஜிபி.

இன்ஸ்டாலருக்கு ஹார்டுடிஸ்க்கே தெரியவில்லை என்றால் பதற வேண்டாம். சில இன்டெல் லேப்டாப்களில் டிஸ்க்கை ஆர்எஸ்டி என்ற முறையில் இயக்குவதுதான் காரணம்; பயாஸில் அதை ஏஹெச்சிஐ என்ற முறைக்கு மாற்ற வேண்டும். ஆனால் விண்டோஸில் முன்தயாரிப்பு செய்யாமல் மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாது. உங்கள் மாடலுக்கான வழிமுறையைப் படித்துவிட்டே அதைத் தொடுங்கள்.

கையொப்பமிட்ட இயங்குதளத்தை மட்டும் பூட் ஆகவிடும் செக்யூர் பூட்டை உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன் எல்லாம் ஏற்கும், அணைக்கத் தேவையில்லை. அது ஆனில் இருக்கும்போது உபுண்டு, மின்ட்டில் என்விடியா டிரைவர் போட்டால் ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். அடுத்த முறை பூட் ஆகும்போது நீலத் திரை ஒன்று வரும். அங்கே சாவியைப் பதிவு செய்யும் தெரிவை எடுத்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். பயந்துபோய் 'தொடர்க' என்று அழுத்திவிட்டால் டிரைவர் ஏறாது.

லேப்டாப்பை வெளியே எடுத்துச் செல்வீர்கள் என்றால் நிறுவும்போதே டிஸ்க் என்கிரிப்ஷனைத் தேர்ந்தெடுங்கள். பிறகு சேர்ப்பது பெரிய வேலை.

ஒன்பதாம் படி: முதல் நாள்

எல்லா அப்டேட்களையும் போட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அடுத்து டைம்ஷிஃப்டில் முதல் ஸ்னாப்ஷாட். அது இயங்குதளக் கோப்புகளுக்கானது. உங்கள் படங்களையும் ஆவணங்களையும் இயல்பாகச் சேர்க்காது. அவற்றுக்கு வெளி டிஸ்க் பேக்கப் தனியாக வேண்டும்.

இரண்டு இயங்குதளமும் உள்ள கணினியில், லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் பல மணி நேரம் தள்ளிக் காட்டலாம். பழுதல்ல. லினக்ஸ் கணினியின் உட்கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எதிர்பார்க்கிறது. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒற்றைக் கட்டளை போதும்.

மென்பொருளை டிஸ்ட்ரோவின் மென்பொருள் மேலாளரிலிருந்தே எடுங்கள். அங்கே இல்லையென்றால் ஃபிளாட்பேக் மென்பொருள்களின் களஞ்சியமான ஃபிளாட்ஹப். விண்டோஸ் பழக்கத்தில் ஏதோ ஒரு தளத்திலிருந்து இன்ஸ்டாலரை இறக்கி ஓடவிடுவதும், புரியாத கட்டளையை டெர்மினலில் ஒட்டுவதும்தான் நல்ல அமைப்பைக் கெடுக்கும் இரண்டு வழிகள்.

வேறு டிஸ்ட்ரோ பார்க்க ஆசை வந்தால் கணினிக்குள் இன்னொரு கணினி போல ஓடும் வர்ச்சுவல்பாக்ஸுக்குள் போட்டுப் பாருங்கள். ஓடும் கணினியைக் கலைக்க வேண்டாம். விண்டோஸ் பார்ட்டிஷனை அழிக்கவும் அவசரமில்லை. முதல் படியில் எழுதிய தாளை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு வேலையும், எப்போதோ ஒருமுறை வரும் படிவ வேலை உட்பட, லினக்ஸிலிருந்தே முடிந்திருக்கிறதா என்று வீட்டிலுள்ள எல்லோரிடமும் கேட்டுவிட்டு, அதன் பிறகு அந்த இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.